ஒரு பல் போன இடத்துக்கு 30 ஆண்டுக் கணக்கு

ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல்தான் பலருடைய வாயிலிருந்து முதலில் போகிற நிரந்தரப் பல். எந்தப் பால்பல்லும் விழாமல், பால்பற்களுக்குப் பின்னால் அது தானாக முளைத்துவிடுகிறது. அதனால் பெற்றோர் அதையும் பால்பல் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். சொத்தை தெரிந்தாலும், 'விழுந்து முளைக்கிற பல்தானே' என்று விட்டுவிடுகிறார்கள். அது விழுந்தால் மறுபடி முளைக்காது. அடைத்து, மறுபடி அடைத்து, வலித்து, மாத்திரையில் சமாளித்து, 45 வயதில் அந்தப் பல்லைப் பிடுங்கிக்கொண்ட ஒரு பெண்மணியை இந்தக் கணக்குக்கு ஆளாக வைத்துக்கொள்வோம். கீழ்த்தாடையில் ஒரு பல் இல்லை. முன்னும் பின்னும் உள்ள பற்கள் நன்றாக இருக்கின்றன. அவருக்கு 75 வயது ஆகும்வரை 30 ஆண்டு, அதாவது 10,950 நாள். அந்த இடத்தை நிரப்ப அவருக்கு என்ன செலவாகும்?

தமிழ்நாட்டுத் தனியார் கிளினிக்குகளில் பல் கட்டும் விலை ஊருக்கு ஊர் மாறும்; ஒரே தெருவில் இரண்டு பலகைகளுக்கு இடையிலும் மாறும். கழற்றி மாட்டும் ஒற்றைப் பல் செட் சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு பக்கத்துப் பற்களையும் பிடித்துக் கட்டும் பிரிட்ஜுக்குப் பல் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை பேசுவார்கள். உலோகத்தின் மேல் செராமிக் பூசியது ஒரு விலை, ஜிர்கோனியா அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. தாடை எலும்பில் திருகு வைத்துக் கட்டும் இம்பிளான்ட்டுக்கு, கம்பெனியைப் பொறுத்து, ரூ.25,000 முதல் ரூ.50,000 வரை சொல்வார்கள். நான் நடுவாக ஒரு தொகையை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மருத்துவர் சொல்லும் தொகையை அதே இடத்தில் வைத்து நீங்களே இந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம்.

பல் செட்: ரூ.2,000. 5 ஆண்டுக்கு ஒருமுறை புதிது, ஆக 6 செட். மொத்தம் ரூ.12,000. நாளுக்கு ரூ.1.10.

பிரிட்ஜ்: மூன்று பல், ஒன்றுக்கு ரூ.5,000 வீதம் ரூ.15,000. 12 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் 3 பிரிட்ஜ். மொத்தம் ரூ.45,000. நாளுக்கு ரூ.4.11.

இம்பிளான்ட்: கேப்புடன் சேர்த்து ரூ.35,000. 15-ஆம் ஆண்டில் மேலே உள்ள கேப்பை மட்டும் ஒருமுறை மாற்ற ரூ.8,000. மொத்தம் ரூ.43,000. நாளுக்கு ரூ.3.93.

வங்கி வட்டியும் விலையேற்றமும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று வைத்துத்தான் இன்றைய விலையிலேயே கூட்டியிருக்கிறேன். முதல் நாளில் இம்பிளான்ட் பிரிட்ஜைவிட ரூ.20,000 அதிகம். 30 ஆண்டின் முடிவில் ரூ.2,000 குறைவு. ஆனால் பிரிட்ஜின் ஆயுளை 12 ஆண்டு என்று நான் சற்றுக் கடுமையாகவே வைத்திருக்கிறேன். ஒழுங்காகச் செய்து, ஒழுங்காகப் பராமரித்த பிரிட்ஜ்களில் 10-ஆம் ஆண்டில் சுமார் 89 சதவீதம் வாயிலேயே இருக்கின்றன என்பது ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட கணக்கு. 15 ஆண்டு தாங்கினால் இரண்டே பிரிட்ஜ், ரூ.30,000 போதும், இம்பிளான்ட்டைவிட ரூ.13,000 மிச்சம். இந்தப் பெண்மணிக்கு 45 வயதாக இல்லாமல் 65 வயதாக இருந்தால் மீதிக் காலம் 10 ஆண்டு, ஒரே பிரிட்ஜில் முடிந்துவிடும். 'இம்பிளான்ட்தான் நாளடைவில் லாபம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது கணக்கில் நிற்காது. வயதையும் பிரிட்ஜ் தாங்கும் ஆண்டையும் பொறுத்து லாபம் இந்தப் பக்கமும் சாயும், அந்தப் பக்கமும் சாயும்.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? ரூபாயில் எழுத முடியாத ஒரு செலவு இருக்கிறது. எனக்கு அதுதான் இந்தக் கணக்கிலேயே பெரிய தொகையாகப் படுகிறது.

பிரிட்ஜ் கட்ட வேண்டுமானால் இடைவெளியின் இரண்டு பக்கத்துப் பற்களையும் சுற்றிலும் ராவ வேண்டும். மேல்பரப்பில் ஒன்றரை முதல் 2 மி.மீ. வரை போகும். முழு கேப்புக்காகப் பல்லைத் தயார் செய்யும்போது ஈறுக்கு மேலே தெரியும் பாகத்தில் எவ்வளவு போகிறது என்று 2002-இல் ஆய்வாளர்கள் எடை போட்டே பார்த்தார்கள்: 63 முதல் 72 சதவீதம். பக்கத்துப் பல் இரண்டு என்பதால் இதை இரண்டால் பெருக்குங்கள். 126 முதல் 144 சதவீதம் வருகிறது. இல்லாத ஒரு பல்லைக் கட்டுவதற்கு, இருக்கிற நல்ல பல்லில் ஒன்றேகால் முதல் ஒன்றரைப் பல் அளவுக்கு ராவிக் கொட்டுகிறோம். ராவிய பற்களில் சிலவற்றில் உள்ளே நரம்பு செத்து, சில ஆண்டுகளில் ரூட் கேனால் செய்ய வேண்டிவரும். பிரிட்ஜுக்கு அடியில் சொத்தை வந்தால் வெளியே தெரியாது. தெரியும்போது, ஒரு பல் இடைவெளி மூன்று பல் இடைவெளியாக வளர்ந்திருக்கக்கூடும். பற்சிப்பி ஒருமுறை போனால் உடம்பு அதைத் திரும்பச் செய்து தருவதில்லை. 45 வயதில் பக்கத்துப் பற்கள் இரண்டும் பழுதில்லாமல் இருக்கின்றன என்றால், அவற்றை ராவ நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதே பற்களில் ஏற்கெனவே பெரிய அடைப்பு இருந்தால், அல்லது ரூட் கேனால் செய்து கேப்புக்காகக் காத்திருந்தால், தீர்ப்பு அப்படியே தலைகீழாக மாறும். எப்படியும் அந்த இரண்டு பற்களுக்கும் கேப் போட்டே ஆக வேண்டும். நடுவில் ஒரு பல்லை இணைப்பதற்குக் கூடுதல் செலவு ரூ.5,000 மட்டுமே. அங்கே பிரிட்ஜை விட்டு இம்பிளான்ட்டுக்குப் போவது வீண் செலவு.

முன்பல் போனவர்களுக்கு மூன்றாவதாக ஒரு வழி உண்டு. நம் ஊரில் அது போதிய அளவு பேசப்படுவதில்லை. பக்கத்துப் பல் ஒன்றின் உள்புறத்தை மட்டும் லேசாகச் சீவி, ஒரு சிறகு போலப் பசையால் ஒட்டும் பிரிட்ஜ் அது. இந்த வகையில் பல்லிலிருந்து போவது 3 முதல் 30 சதவீதம். ஒரே சிறகு கொண்ட செராமிக் வகை, பழக்கமுள்ள கையில், 10 ஆண்டுக்குப் பிறகும் பத்தில் ஒன்பதுக்கு மேல் நிலைத்திருக்கிறது. ஒட்டு விட்டுப்போனால் பெரும்பாலும் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். விபத்தில் முன்பல் போன 16 வயதுப் பிள்ளைக்குத் தாடை வளர்ச்சி முடியும்வரை இம்பிளான்ட் வைக்கக் கூடாது. அந்த வயதுக்கு ஏற்ற வழி இதுதான்.

இனி எலும்பு. பல்லைப் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு வேலை இல்லாமல் கரையத் தொடங்கும். கடைவாய்ப் பகுதியில் 12 மாதத்தில் எலும்பின் அகலம் பாதியாகக் குறைகிறது. அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதத்திலேயே நடந்துவிடுகிறது. 'பணம் சேர்ந்ததும் இம்பிளான்ட் வைத்துக்கொள்ளலாம்' என்று நான்கு ஆண்டு தள்ளிப்போட்டால், ரூ.35,000 என்று இருந்த பில்லில் எலும்புத்தூள் நிரப்பும் செலவு ஒரு வரியாகச் சேர்ந்துகொள்ளும். மேல்தாடைப் பின்பகுதியானால் சைனஸ் அறையின் தரையை உயர்த்தும் அறுவை சிகிச்சை வேறு. பணம் சேரும் வேகத்தைவிட எலும்பு கரையும் வேகம் அதிகமாக இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அவர்களிடம் பல்லைப் பிடுங்கும் அன்றே யாரும் இதைச் சொல்வதில்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

இம்பிளான்ட் என்பது என்ன? 4 மி.மீ. குறுக்களவும் 10 மி.மீ. நீளமும் உள்ள டைட்டானியம் திருகு. எடை அரை கிராமை ஒட்டி வரும். சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் 1952-இல் முயல் எலும்புக்குள் டைட்டானியக் கருவி வைத்து ஆய்வு செய்தார். வேலை முடிந்து அதை எடுக்கப் பார்த்தபோது எலும்பு அதைப் பற்றிக்கொண்டு விடவில்லை. 1965-இல் கோதன்பர்க் நகரில் முதல் நோயாளியின் கீழ்த்தாடையில் அந்தத் திருகுகளை வைத்தார். அந்த மனிதர் 2006-இல் இறக்கும்வரை, 40 ஆண்டுக்கு மேல், அவை வாயில் இருந்தன. அவர் வகுத்த முறைப்படி கீழ்த்தாடையில் 3 மாதமும் மேல்தாடையில் 6 மாதமும் திருகை ஈறுக்குள் மூடி வைத்துக் காத்திருக்க வேண்டும். இன்று தகுதியான இடங்களில் அந்தக் காலம் குறைந்திருக்கிறது. ஆனால் 'மூன்றே நாளில் பல்' என்ற விளம்பரத்தை எல்லாத் தாடைக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது.

10 ஆண்டுக்குப் பிறகு இம்பிளான்ட் வாயில் இருக்கும் வாய்ப்பு சுமார் 95 சதவீதம். விளம்பரங்கள் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்கின்றன. அடுத்த எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: இம்பிளான்ட் வைத்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, அதைச் சுற்றியுள்ள ஈறு அழற்சி எலும்புவரை இறங்குகிறது. திருகு ஆடாது, வலிக்காது, ஆனால் எலும்பு கரைந்துகொண்டிருக்கும். புகைப்பவர்களுக்கு இம்பிளான்ட் தோற்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் கெடுதி. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. நாடு முழுவதுமான அளவு 11.4 சதவீதம். ஆகவே நம் ஊர்க் கணக்கில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையும் ஆண்டுக்கு ஒருமுறை ஈறு சுத்தம் செய்வதும் கட்டாய வரிகள். எலும்புத் தேய்வுக்காக மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்ளும் அம்மாக்கள் பல்லைப் பிடுங்கும் முன்பே அதைப் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த மருந்துகளில் சில, தாடை எலும்பு ஆறுவதைத் தடுக்கும்.

'இம்பிளான்ட் ரூ.15,000 மட்டுமே' என்ற பலகையைப் பார்த்தால் அந்த 15,000-இல் எது அடங்கும் என்று கேளுங்கள். பெரும்பாலும் எலும்புக்குள் போகும் திருகு மட்டும்தான். அதன் மேல் பொருத்தும் நடுத்துண்டு ஒரு வரி, மேலே வைக்கும் கேப் ஒரு வரி, தாடையைப் படமெடுக்கும் சிபிசிடி ஸ்கேன் ஒரு வரி, தேவைப்பட்டால் எலும்புத்தூள் ஒரு வரி. நான்கையும் கூட்டினால் பக்கத்துத் தெருவில் சொன்ன ரூ.35,000-க்கே வந்து நிற்கும். இன்னொன்று: திருகின் கம்பெனி, அளவு, பேட்ச் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒன்று பெட்டியோடு வரும். அதைக் கேட்டு வாங்கி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். 15 ஆண்டு கழித்து உள்ளே இருக்கும் சிறு திருகு தளர்ந்தால், வேறு ஊரில் வேறு மருத்துவர் அதற்குப் பொருந்தும் சாவியைத் தேடுவார். எந்தக் கம்பெனி என்று தெரியாவிட்டால், எலும்பில் நன்றாகப் பிடித்திருக்கும் இம்பிளான்ட்டும் பயனில்லாமல் நின்றுவிடலாம்.

பல் செட்டைப் பற்றிப் பலர் தாழ்வாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாளுக்கு ரூ.1.10-இல் சிரிக்கவும் பேசவும் உதவுகிற ஒரு பொருளைக் கேவலமாகப் பார்க்க என்ன இருக்கிறது? 1930-களின் இறுதியிலிருந்து அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் செய்து வருகிறார்கள். உடைந்தால் ஒட்டலாம், இன்னொரு பல் போனால் அதே செட்டில் சேர்க்கலாம். எந்தப் பல்லையும் பெரிதாக ராவ வேண்டியதில்லை. குறை, மெல்லும் வலுவில் இருக்கிறது. அக்ரிலிக் செட் ஈறின் மேல் அழுந்துகிறது, கம்பி பிடிக்கும் பல்லில் அழுக்குச் சேர்கிறது. சில மடங்கு பணம் கூடக் கொடுத்து உலோகச் சட்டத்தில் வார்த்த செட் செய்துகொண்டால், அது பல்லின் மேல் தங்கி ஈறைக் காப்பாற்றும். பல பல் போனவர்களுக்கு, அக்ரிலிக் செட்டுக்கும் லட்ச ரூபாய் இம்பிளான்ட்டுக்கும் நடுவில் அருமையான இடம் அது. ஆனால் யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் சொல்வதுமில்லை.

ஒன்றுமே கட்டாமல் விடுவதும் ஒரு வழி. அதன் விலை ரூ.0. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ஆர்ன்ட் கைசர் 1981-இல் முன்வைத்த கருத்து இது: முன்பற்களும் சிறு கடைவாய்ப் பற்களுமாக மேலே 10, கீழே 10 பல் சரியாகக் கடித்துக்கொண்டால் பெரும்பாலோருக்கு அது போதும். ஜப்பான் 1989-இல் '80 வயதில் 20 பல்' என்று நாடு தழுவிய இயக்கம் தொடங்கியபோது, அந்த வயதில் 20 பல் வைத்திருந்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. 2016 கணக்கெடுப்பில் அது 51.2 சதவீதம். வரிசையின் கடைசியில் இருக்கும் இரண்டாம் கடைவாய்ப் பல் மட்டும் போனவர், மெல்லுவதில் சிரமம் இல்லை என்றால், பணத்தைப் பையிலேயே வைத்திருக்கலாம். நம் பெண்மணியின் இடைவெளி நடுவில் இருக்கிறது. பின்பல் முன்னால் சாயும், மேல்பல் எதிராளி இல்லாமல் கீழே இறங்கும். அவர் சும்மா விட முடிவு செய்தால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிப் பற்கள் நகர்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாயில் ஒரு பல்லும் இல்லாதவர்களின் கணக்கு தனி. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி 60 வயதைக் கடந்தவர்களில் 23 சதவீதம் பேர் இந்த நிலையில் இருக்கிறார்கள். மேல்தாடையில் பல் செட் உட்காரும் பரப்பு சுமார் 23 சதுர செ.மீ., கீழே சுமார் 12. சொந்தப் பற்கள் இருந்தபோது வேர்களைச் சுற்றி ஒரு தாடைக்கு 45 சதுர செ.மீ. பரப்பு கடியைத் தாங்கியது. மேலே அண்ணம் முழுவதும் ஒட்டிப் பிடிப்பதால் செட் நிற்கிறது. கீழே நாக்கு தள்ளும், கன்னம் இழுக்கும், செட் மிதக்கும். போதாததற்கு, 25 ஆண்டு தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில் கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைவிட நான்கு மடங்கு கரைந்திருந்தது. 'மேல் செட் பரவாயில்லை, கீழ் செட்டைப் போடவே முடியவில்லை' என்று தாத்தா பாட்டிமார் சொல்வது முணுமுணுப்பு இல்லை. அளந்து பார்த்த உண்மை. முழு செட் கட்டியவர்களின் கடிக்கும் வலு, சொந்தப் பல்லின் வலுவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். முறுக்கையும் கரும்பையும் அவர்கள் பிடிவாதத்தால் ஒதுக்கவில்லை.

முழு செட் ரூ.20,000 என்றும், இரண்டு தாடைக்கும் இம்பிளான்ட்டில் நிலையான பல் ரூ.5 லட்சம் என்றும் வையுங்கள். 25 மடங்கு வித்தியாசம். பல வீடுகளில் பேச்சு இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கி, 'அப்பாவுக்கு இந்த வயதில் எதற்கு' என்று முடிந்துவிடுகிறது. நடுவில் ஒன்று இருக்கிறது. மேலே சாதாரண செட். கீழே முன்பகுதியில் இரண்டே இரண்டு இம்பிளான்ட், அதன் மேல் பொத்தான் போலப் பொருந்தும் கழற்றக்கூடிய செட். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2002-இல் கூடிய நிபுணர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு முதலில் பரிசீலிக்க வேண்டியது இதுவே என்றார்கள். செலவு ரூ.80,000 முதல் ஒரு லட்சத்தை ஒட்டி வரும். ஆண்டுக்கு ஒருமுறை தேயும் நைலான் வளையங்களை மாற்ற வேண்டும். வசதியுள்ள பிள்ளைகள் அப்பா அம்மாவுக்குச் செய்யும் செலவுகளில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

இந்தப் பணம் யாருடையது? ஜெர்மனியில் 2020 அக்டோபர் முதல், அரசுச் சட்டப்படியான காப்பீடு வழக்கமான பல் கட்டும் சிகிச்சைச் செலவில் 60 சதவீதத்தை ஏற்கிறது. 5 ஆண்டு தவறாமல் பல் பரிசோதனைக்குப் போனதைக் காட்டினால் 70, 10 ஆண்டானால் 75. பல்லைக் காத்தவருக்கு அங்கே சலுகை அதிகம். இங்கே பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் விபத்துக் காயம் தவிர மற்றப் பல் சிகிச்சையை ஒதுக்கிவிடுகின்றன. செலவு முழுவதும் நோயாளியின் கையிலிருந்துதான். தினக்கூலிக்குப் போகிறவருக்கு இன்னொரு வரி உண்டு: முழு செட்டுக்கு அளவு எடுப்பதிலிருந்து மாட்டுவது வரை வழக்கமாக 5 முறை வர வேண்டும். நாளுக்கு ரூ.700 கூலி என்றால் ரூ.3,500 பில்லில் ஏறாமலே போகிறது. சென்னையில் 1953 முதல் இயங்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும், சிதம்பரம், புதுக்கோட்டை அரசுக் கல்லூரிகளிலும், தனியார் பல் கல்லூரி மருத்துவமனைகளிலும் பேராசிரியர் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் பல் கட்டுகிறார்கள். நேரம் பிடிக்கும், தரத்தில் குறை சொல்ல முடியாது.

இன்னொரு வரியை எழுதாமல் இந்தக் கணக்கை மூட மனம் வரவில்லை. நம் பெண்மணி பிடுங்கிக்கொண்ட அந்தப் பல்லுக்கு ரூட் கேனாலும் கேப்பும் சேர்த்து ரூ.10,000 ஆகியிருக்கும். அமெரிக்காவில் ரூட் கேனால் செய்த 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பற்களைக் காப்பீட்டுப் பதிவுகளில் பின்தொடர்ந்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 8 ஆண்டுக்குப் பிறகும் 97 சதவீதம் வாயிலேயே இருந்தன. வேர் பிளந்துவிட்ட பல்லையும் எலும்புப் பிடிப்பு போன பல்லையும் காப்பாற்ற முடியாதுதான். மற்றவற்றுக்கு ரூ.43,000-க்கு வாங்கும் எந்தப் பல்லும் ரூ.10,000-க்குக் காப்பாற்றிய பல்லுக்கு மேலானதில்லை.

ஆகவே வலியோடு நாற்காலியில் சாயும்போது, ஊசி போடும் முன் மருத்துவரிடம் மூன்று தொகைகளை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்: இந்தப் பல்லைக் காப்பாற்ற எவ்வளவு, பிடுங்க எவ்வளவு, பிடுங்கிய இடத்தை நிரப்ப எவ்வளவு. மூன்றாவது தொகையைக் கேட்காமல் பிடுங்கச் சம்மதிக்காதீர்கள்.